பொறி வராத வண்டி

லக்தார் மறுபடியும் சாவியைத் திருப்பினான். எஞ்சின் கிர்ர் கிர்ரென்று சுற்றியது, இருமியது, ஆனால் பிடிக்கவில்லை. முன்சீட்டின் நடுவில் அவன் அப்பா தாஹர் சரிந்து உட்கார்ந்திருந்தார். மதியம் குஸ்குஸ் தட்டின் முன்னால் இருந்தபோதே வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மறுபக்கக் கதவோரம் அம்மா யமீனா அவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"சும்மா சுத்தாதடா. பேட்டரி போயிரும்," என்றார் பக்கத்து வீட்டு பூஜமா, தூக்கி நிறுத்தியிருந்த பானெட்டுக்குப் பின்னாலிருந்து.

ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, டவுனில் இருந்தது. ஊரில் ஓடுகிற வண்டிகள் எல்லாம் கல்யாணப் பெண்ணை அழைத்துவர ஹாரன் அடித்துக்கொண்டு போயிருந்தன. மிச்சம் இந்தக் கிழட்டு பெஜோ பிக்கப் ஒன்றுதான். முந்தாநாள்கூட ஆடுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்த வண்டி, இன்றைக்கென்று பார்த்துச் சண்டித்தனம் செய்தது. லக்தார் ஓரான் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன், லீவுக்கு மட்டும் வருகிறவன். அப்பா அவனிடம் இந்தச் சாவியைக் கொடுத்ததே இல்லை. கேட்டால், "நீ கிளட்சைத் தேச்சிருவ," என்பார்.

பூஜமாவை சாவியிடம் உட்காரவைத்துவிட்டு லக்தார் எஞ்சினிடம் ஓடினான். கார்புரேட்டர் குழாயைப் பிடுங்கிப் பார்த்தான். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் மேல் படுக்கவைத்தான்.

"திருப்புங்க சாச்சா."

எஞ்சின் சுற்றியது. பிளக்கின் நுனியில் பொறி இல்லை.

"பெட்ரோல் வருது. பொறிதான் வரல."

"அப்ப பாயின்ட்டுதான். தேய்ச்சு விடு."

தீப்பெட்டியின் உரசும் பட்டையைக் கிழித்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட் முனைகளைத் தேய்த்தான். அப்பா செத்துவிடுவார், தான் இப்படித் தேய்த்துக்கொண்டே நிற்கப்போகிறோம் என்று பயந்தான்.

"லக்தார், இங்க வா," என்றாள் அம்மா. "விரல நீட்டுறாரு."

தாஹரின் இடது கை மடியைவிட்டு எழும்பியிருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டிருந்தது. பூஜமா இறங்கி நின்று தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

"கலிமா விரல். ஆண்டவன் ஒருத்தன்தான்னு சாட்சி சொல்றாரு. யமீனா, காதுல சொல்லிக்குடு."

"இடது கையாச்சே சாச்சா," என்றான் லக்தார்.

"வலதுதான் விழுந்துருச்சில்ல. படைச்சவனுக்குத் தெரியாதா?"

யமீனா அவர் காதில் கலிமாவை ஓத ஆரம்பித்தாள். விரல் மேலே பார்த்து நிற்கவில்லை. ஸ்டீயரிங் பக்கமாக, கீழே சாய்ந்து நடுங்கியது. அவள் அதை மெதுவாகப் பிடித்து நிமிர்த்தித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் உருவினார். மறுபடியும் நீட்டினார்.

"திரும்பத் திரும்பச் சொல்றாருடா," என்று அழுதபடி மறுபடி நிமிர்த்திப் பிடித்தாள்.

அப்பாவின் கண் லக்தார் மேலேயே இருந்தது. அதில் இருந்தது கோபம். ஒரு வண்டியைக் கிளப்பத் துப்பில்லையா என்று கேட்கிற கோபம். லக்தார் கூசிப்போய் பானெட்டுக்குப் பின்னால் மறைந்து, மூடியையும் பிளக்கையும் மாட்டி, ஒயரை அழுத்தி, "திருப்புங்க சாச்சா," என்று கத்தினான்.

பூஜமா திருப்பவில்லை. யமீனா ஓதுவதும் நின்றுபோயிருந்தது.

அப்பாவின் உடலை உள்ளே தூக்கிக்கொண்டுபோய்க் கிடத்தினார்கள். கல்யாண வண்டிகள் ஹாரன் இல்லாமல் திரும்பி வந்தன. உடலைச் சுமந்துபோகும் சந்தூக்கு உள்ளே வர இடம் வேண்டும், பிக்கப்பை வெளியே தள்ளிவிடலாம் என்றார்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்க லக்தார் ஏறி உட்கார்ந்தான். நடுச்சீட்டைப் பார்த்தான். அப்பாவின் விரல் சாய்ந்த பக்கமாகக் கையைக் கீழே விட்டான்.

ஸ்டீயரிங்குக்கு அடியில், தகரத்துக்குப் பின்னால், நகத்தளவு ஒரு சுவிட்ச் இருந்தது.

காட்டிலிருந்து ராத்திரியில் ஆட்கள் இறங்கிவந்து வண்டிகளை ஓட்டிப்போன அந்தக் கெட்ட வருஷங்களில், பொறி வராமல் தடுக்க அப்பாவே வைத்திருக்க வேண்டும். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. லக்தார் அதைத் தள்ளிவிட்டு, சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. தள்ள வந்தவர்கள் விலகி நின்றார்கள்.

"எப்படிடா கிளம்புச்சு?" என்றார் பூஜமா.

வீட்டு ஜன்னலுக்கு உள்ளே அம்மா பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் பிடிக்கப் பிடிக்க நீட்டினாரு. என் கைக்குள்ளதான் போனாரு." அழுகையோடு ஒரு பெருமையும் அந்தக் குரலில் இருந்தது. லக்தார் பூஜமா பக்கம் திரும்பினான்.

"பாயின்ட் சரியா உக்காரல போல," என்றான். "இப்ப உக்காந்துருச்சு."

வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்தபோது, வாசலில் இமாம் அவன் தோளைத் தழுவிக்கொண்டார்.

"கலிமா சொல்லிட்டுப் போனாராமே. பூஜமா சொன்னாரு. எல்லாருக்கும் கிடைக்குமா அது? எப்படி நீட்டினாரு?"

கூடியிருந்தவர்கள் திரும்பினார்கள். அம்மாவும் கதவருகே வந்து நின்று அவனைப் பார்த்தாள். லக்தார் கையிலிருந்த கரியை கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். இடது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்த்து நேராக நிமிர்த்தினான்.

"இப்படித்தான்," என்றான்.