எஞ்சின் வராத பாலம்

அக்கா சாகக் கிடக்கிறாள், நடுவில் ஓர் ஆறும் ஒரு ரயில் பாலமும்தான் என்றால், நீங்கள் எத்தனை சொற்பொழிவுகளைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்?

தேசா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். திறப்பு விழாவுக்காக எல்லை ஸ்டேஷனில் நின்ற ரயிலில், மடியில் பையோடு ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள்.

ஊனா ஆற்றோரம் அந்த ரயில் பாதையைப் போட்டபோது எல்லையே கிடையாது, ஒரே நாடு. அவளுடைய அப்பாவும் அங்கே கல் சுமந்தவர். பிறகு சண்டை வந்து நாடு உடைந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் போஸ்னியா, அந்தப் பக்கம் குரோவேஷியா என்றானது. ரயில் நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. அக்கா மிலேவா வாக்கப்பட்ட ஊர் அந்தப் பக்கம். மலையைச் சுற்றிப் போகும் பஸ் வாரத்துக்கு ஒரு தடவைதான். இன்று ரயில் மறுபடி ஓடும் என்று நம்பி, காலையில் அந்தப் பஸ்ஸை அவள் விட்டுவிட்டாள்.

பேண்டு வாசித்தது. இரண்டு நாட்டு மந்திரிகளும் ரிப்பன் வெட்டினார்கள். பெட்டிகளை இழுத்து வந்த எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். இந்தப் பாதையின் வழக்கம் அதுதான்: எல்லை ஸ்டேஷனில் நம் எஞ்சின் கழன்றுகொள்ளும், அவர்கள் எஞ்சின் வந்து பெட்டிகளை இழுத்துப் போகும்.

அவர்கள் எஞ்சின் வரவில்லை.

"டேய் பெரோ, எங்கடா எஞ்சின்?" ஜன்னல் வழியாகக் கார்டைக் கூப்பிட்டாள் தேசா.

"அது வந்து தேசாக்கா... அவங்க மந்திரியக் கூப்பிட்டோம், பேண்டக் கூப்பிட்டோம். எஞ்சின் அனுப்பச் சொல்லி மட்டும் யாரும் கேக்கல. தானா வந்துடும்னு நெனச்சுட்டாங்க."

"விருந்துக்கு ஆடு சுட மட்டும் மறக்கலையே! வாசனை இங்க வரைக்கும் வருது. நம்ம எஞ்சினையே மறுபடி மாட்டுடா."

"அது பாலத்தத் தாண்ட அனுமதி இல்லக்கா. எறங்கு, ஒரு தட்டு கறி வாங்கித் தரேன்."

"கறிய உன் மந்திரி வாயில திணி! மிலேவா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கா. எங்கப்பன் கல்லு சொமந்தது இவனுங்க படம் புடிச்சுக்கவா?"

பெரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் என்னக்கா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. அதத்தான இத்தன வருஷமா பண்றீங்க."

மந்திரிகள் ஆளுக்கொரு காரில் ஏறிப் போனார்கள். தேசா இறங்கவில்லை. இரவுக் குளிருக்கு ஆகட்டும் என்று பெரோ தன் கோட்டைக் கழற்றி எதிர் இருக்கையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனான்.

இரவிலும் எஞ்சின் வரவில்லை. மறுநாள் காலை தேசா தண்டவாளத்தின்மேல் நடந்து பாலத்தைத் தாண்டினாள். எல்லை மீறியதற்கு அந்தப் பக்கப் போலீஸ் அபராதம் போட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது மிலேவாவுக்கு உயிர் இருந்தது.