எண் எழுதாத கார்டு

ஆபீசில் எனக்கு வைத்திருக்கிற பெயர் கல்லு. எச்.ஐ.வி. கவுன்சிலருக்கு அதைவிட நல்ல பெயர் கிடைக்காது. ரிசல்ட்டை வாய்தான் சொல்ல வேண்டும், முகம் முந்திக்கொள்ளக் கூடாது. புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு என் மூஞ்சியைக் காட்டித்தான் பாடம் நடத்துவார்கள்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் போன முதல் முகாம் ஒரு சட்டை தைக்கும் பட்டறை. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கொசு கடித்தால் வருமா என்று ஒருவர் கேட்டார். வராது. ஒரே டம்ளரில் குடித்தால்? அதிலும் வராது. ஆணுறை இல்லாத உறவு, ஒருவருக்குப் போட்ட ஊசியையே இன்னொருவருக்கும் போடுவது, சோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து பிள்ளைக்கு, வருகிற வழி இவ்வளவுதான் என்றேன். ஒற்றைக் கோடு விழுந்தால் பயமில்லை, இரண்டு விழுந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார்களே தவிர, டெஸ்டுக்கு ஒருவரும் நகரவில்லை.

பேச்சு எடுபடாத இடத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோர் கண் முன்னாலும் என் விரலையே குத்தி, விரல் நீளத்துக்கு இருக்கும் பிளாஸ்டிக் கார்டில் ஒரு சொட்டு விடுவேன். மற்றவர்கள் கார்டில் பெயருக்குப் பதில் ஓர் எண் எழுதுவோம். என்னுடையதில் மட்டும் எழுதுவதில்லை. எப்படியும் ஒற்றைக் கோடு காட்டிவிட்டுக் குப்பைக்குப் போகப்போகிற கார்டு, அதற்கு எண் ஒரு கேடா?

அன்றைக்கும் அப்படித்தான் குத்தினேன். உடனே கட்டிங் மாஸ்டர் முன்னால் வந்துவிட்டார். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். பட்டறையே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது.

"அக்காவே குத்திக்கிறாங்க, எனக்கென்ன? இங்கயே குத்துங்க."

"மயக்கம் போட்டு விழுந்துடாத மாப்பிள்ளை, பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டுடுவோம்" என்றார் இஸ்திரி போடுகிறவர்.

சிரிப்போடு சிரிப்பாக அவர் விரலையும் குத்தினேன். ரிசல்ட்டை ஊர் பார்க்கக் கூடாதே என்று இரண்டு கார்டுகளையும் ஒரே தட்டில் வைத்து, காகிதத்தால் மூடி, துணிக்கட்டு அடுக்கும் அறைக்குக் கொண்டுபோனேன். பெரிய ஜாக்கிரதைக்காரி என்று நினைப்பு. நேரம் ஆனதும் அவரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, காகிதத்தை எடுத்தேன்.

ஒன்றில் ஒரு கோடு. இன்னொன்றில் இரண்டு.

தூக்கிவாரிப் போட்டது. இரண்டிலும் எண் இல்லை. சிரிப்பில் அவருடையதிலும் எழுத மறந்திருக்கிறேன். வலது பக்கம் வைத்தது என்னுடையது. இல்லை, கதவை முதுகால் தள்ளும்போது தட்டைத் திருப்பினேன். மேஜையில் வைக்கும்போது மறுபடி திருப்பினேனா? என்ன யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மாஸ்டரும் பார்த்துவிட்டார். "இதுல எது அக்கா என்னுது?"

"தெரியல மாஸ்டர். நம்பர் எழுதாம விட்டுட்டேன், தப்பு என்னுதுதான். ரெண்டு பேரும் இன்னொரு தடவை குத்திக்கணும்."

இந்தத் தடவை எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதினேன். அப்புறம் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தோம்.

கர்ப்பத்தில் எடுத்த டெஸ்டில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள். சோதித்துத்தான் ஏற்றியிருப்பார்கள். அப்படியானால் என் புருஷன்? நான் அம்மா வீட்டில் இருந்த மாதங்களில் அவர் தனியாகத்தானே இருந்தார்? எப்படி வந்தது என்று யாரையும் குடையாதீர்கள், அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவள் நான். கார்டில் ரத்தம் ஊறி முடிவதற்குள் கட்டினவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன்.

மார்பு கனத்து, சட்டை நனைந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம். காலையில்கூட வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் தூங்கினாள். தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று நான் சொன்ன வழியில் பாலும் சேர்த்தி.

மாஸ்டருடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனுஷனுக்கு அது வரட்டும் என்று வேண்டினேன். நானா இப்படி என்று அதிர்ந்துபோனேன். அதிர்ந்துகொண்டே மறுபடியும் அதையே வேண்டினேன்.

"உங்களுக்கு பயமா இருக்காக்கா?"

"இல்ல மாஸ்டர்."

"எனக்கு இருக்கு. கை நடுங்குது பாருங்க. இந்தக் கையாலதான் துணி வெட்டுறேன்."

நான் கையைப் பார்க்கவில்லை. கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதில் ஒரு கோடு விழுந்தது. அதோடு நின்றுவிட்டது. நேரம் முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன், வேறு கோடு வரவில்லை. பக்கத்துக் கார்டில் இரண்டு, அழுத்தமாக.

"மாஸ்டர்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கார்டைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னுதுதான் இல்ல? உங்க முகம் சிரிக்குதுக்கா."

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கன்னம் ஈரமாக இருந்தது. எப்போது அழுதேன் என்றுகூடத் தெரியவில்லை.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். இதுவே முடிவு இல்லை, ஆஸ்பத்திரியில் வேறு டெஸ்ட் எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானாலும் மாத்திரை இருக்கிறது, தினமும் போட்டால் கிருமி அடங்கும். நன்றாக அடங்கி அப்படியே இருந்தால், உறவில் மனைவிக்கும் தொற்றாது. கல்யாணம், குழந்தை எதுவும் கைவிட்டுப் போகாது. ஆனால் தாலி ஏறுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், கூட நானே வருகிறேன் என்றேன். அவ்வளவும் உண்மை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு சொன்னதால், எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"என்ன மாப்பிள்ளை, பாஸா பெயிலா?"

அவர் எழுந்தார். சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்துகொண்டார். கதவுப் பிடியில் கையை வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் சிரிச்சிக்கிட்டே போயிடுறேன்க்கா. நீங்க முகத்தைக் கழுவிக்கிட்டு மெதுவா வாங்க. இப்ப வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."