இறகு வந்த பிறகு திறக்காதே

ஹாலிஸுக்கு அந்தக் கம்பத்தைக் கண்டாலே ஆகாது. பின்பக்கத்துப் புல்வெளியில் நட்டநடுவில் நிற்கும். புல் வெட்டும் வண்டியை ஓட்டி வந்தால் அதைச் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும். உச்சியில் ஒரு மரப்பெட்டி, அதற்கு வட்டமாக ஒரு ஓட்டை, உள்ளே பார்க்கத் திறக்கும் ஒரு சின்னக் கதவு, பாம்பு ஏறாமலிருக்கக் கம்பத்துக்கு ஒரு தகர உறை. வருஷா வருஷம் ஒரு ஜோடி நீலக்குருவி வந்து அதில் குடித்தனம் பண்ணும். அவற்றைக் கவனிப்பதெல்லாம் அவர் மனைவி வெர்லீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டியே ரிட்டயரான நான் ஒரு பறவைக்காக வண்டியை வளைத்து ஓட்டுவதா என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே வளைத்தும் ஓட்டுவார்.

இந்த வசந்தத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மரமெல்லாம் பூத்த பிறகும் பனி கொட்டிய ஒரு காலையில், குருவிகளுக்குப் புழு கொண்டுபோன வெர்லீன் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து, நடக்கப் பழக்கும் இல்லம் ஒன்றில் அவளைப் படுக்க வைத்தார்கள். பெட்டியும் அதிலிருந்த ஐந்து முட்டையும் ஹாலிஸ் தலையில் விழுந்தன.

தினமும் சாயங்காலம் போன் வரும்.

"புழு போட்டியா?"

"போட்டேன்."

"விசிலடிச்சியா? விசிலடிச்சாதான் அது வரும்."

"அடிச்சேன், வந்துச்சு."

"பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி தட்டினியா? தாய் உள்ள இருந்தா வெளிய போறதுக்கு நேரம் கொடுக்கணும்."

"நம்ம வீட்டு பாத்ரூம் கதவைக்கூட நான் இவ்வளவு மரியாதையா தட்டினதில்ல வெர்லீ."

"அதான் ஊருக்கே தெரியுமே."

சொல்லப்போனால் ஹாலிஸ் மயங்கித்தான் போயிருந்தார். முதுகெல்லாம் நீலமும் நெஞ்சில் செங்கல் நிறமுமாக அந்த ஆண் குருவி, அவர் விசிலடித்ததும் வேலியில் வந்து உட்கார்ந்து, இவனை நம்பலாமா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் டப்பா நிறையப் புழு நெளிவதும் அவருக்குப் பழகிவிட்டது. முட்டை பொரிந்தது. ஐந்து குஞ்சுகளும் வாயைப் பிளந்தன. பிறகு சிறகோரத்தில் நீலம் தெரிய ஆரம்பித்தது.

"இனிமே திறக்காதே," என்று வெர்லீன் கண்டிப்பாகச் சொன்னாள். "இறகு வந்த பிறகு திறந்தா பயந்துபோய் வெளிய குதிச்சிடும். பறக்கவும் தெரியாது, ஒளியவும் தெரியாது. செத்துப்போகும். சத்தியம் பண்ணு."

அவரும் சத்தியம் பண்ணினார். பண்ணும்போது மனசாரத்தான் பண்ணினார்.

சனிக்கிழமை வெர்லீனை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அந்த இல்லத்துப் பெண் போன் பண்ணினாள். "எலும்பு நல்லா கூடிடுச்சு. ஆனா அவங்க காலை ஊன மாட்டேங்கறாங்க. விழுந்துடுவேன், விழுந்துடுவேன்னு அழறாங்க. பயம் போகலைன்னா சக்கர நாற்காலிதான் சார், கடைசி வரைக்கும்." அன்றைக்கு வெர்லீனின் குரலும் செத்துக் கிடந்தது. குருவியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குஞ்சுகளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வரும் என்று ஹாலிஸுக்குத் தோன்றியது. பெட்டியைக் கொஞ்சூண்டு திறந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

என்ன ஆகும் என்பது கண் இமைப்பதற்குள் தெரிந்துவிட்டது. போன் கிளிக் என்றது, ஐந்தும் அவர் முகத்தைத் தாண்டிப் பாய்ந்தன. ஒன்று அவர் சட்டையில் மோதிப் புல்லில் உருண்டது. ஒன்று புல்வெளியில் கிடந்த மடக்கு நாற்காலிக்கு அடியில் ஓடியது. ஆண் குருவி எங்கிருந்தோ இறங்கி அவர் வழுக்கைத் தலையில் ஒரு கொத்து கொத்தியது. வாங்கவேண்டியதுதான் என்று அவர் வாங்கிக்கொண்டார்.

"ஆர்டித்! பூனையைப் பிடி!" என்று பஸ்ஸில் பையன்களை அதட்டிய அதே குரலில் கத்தினார்.

பக்கத்து வீட்டு ஆர்டித், மாவு அப்பிய கையோடு தன் பூனையை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தாள். "அட கிறுக்கு மனுஷா, திறந்தியா? வெர்லீன் உன் தோலை உரிச்சு உப்பு தடவப் போறா!"

"உரிக்கட்டும். நீ அந்தப் பக்கம் தேடு."

கைகால்களால் தவழ்ந்து, முட்டியெல்லாம் பச்சையாகி, நாலைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டார்கள். மறுபடி குதித்துவிடாமலிருக்க ஹாலிஸ் தன் காலுறையைக் கழற்றி ஓட்டையில் அடைத்து, உள்ளே சத்தம் அடங்கும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த நாத்தத்துக்கே மயங்கித் தூங்கிடும்," என்றாள் ஆர்டித். அவர் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கியதும் காலுறையை உருவிவிட்டு, ஐந்தாவதை இருட்டும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஹாலிஸ் போட்டோவை அனுப்பவில்லை. அதில் இருந்ததும் ஒரு மங்கலான சிறகுதான்.

மறுநாள் காலை வெர்லீன் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினாள். பழைய வெர்லீனில் பாதிதான் வந்திருந்தது. அவர் அவளைச் சமையலறை ஜன்னலருகே கொண்டுபோய் உட்கார வைத்துக் காபியைக் கையில் கொடுத்தார். சற்று நேரத்தில் ஓட்டையில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. எதிர் மரத்திலிருந்து தாய் கூப்பிட, அது தயங்கித் தயங்கி ஒரே தாவில் பறந்து கிளையைப் பிடித்தது. வெர்லீன் காபியை மறந்தாள். இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் மடக்கினாள். அதற்கப்புறம் நெடுநேரம் ஓட்டை காலியாகவே இருந்தது.

"ஒண்ணு குறையுதே ஹாலிஸ்."

ஆர்டித்தின் பூனை தின்றது என்று சொல்லிவிடலாம். பூனையா வந்து மறுக்கப் போகிறது? பொய் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாலு குஞ்சு பறந்ததில் மலர்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நேத்து நான் திறந்துட்டேன். போட்டோ எடுக்கலாம்னு. உனக்காக." ஜன்னலுக்கு வெளியே புல்லைக் காட்டினார். "ஒண்ணு கிடைக்கவே இல்ல வெர்லீ."

அவள் முகம் சிவந்தது. "சத்தியம் பண்ணினியே! ஒரே ஒரு விஷயம் சொன்னேன் மனுஷா, ஒரே ஒரு விஷயம்! அதுகூடவா உன் மண்டையில ஏறலை?" திட்டினாள், திணறத் திணறத் திட்டினாள். ஹாலிஸ் தலைகுனிந்து நின்றார். திட்டு வலித்தது. ஆனாலும் அவளுக்குக் குரல் திரும்பிவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

திட்டு பாதியில் நின்றது.

"இரு. தகப்பன் எதுக்கு அங்க போறான்?" ஆண் குருவி ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு, குஞ்சுகள் இருந்த மரத்துக்குப் போகாமல், வேலியோரத்து லைலாக் புதருக்குள் நுழைந்து வெறும் அலகோடு வெளியே வந்தது. "வெறும் புதருக்கா புழு ஊட்டுவான்? உயிரோட இருக்குடா! போ, ஆர்டித் பூனையை வெளிய விட்டுடப் போறா. போய் அங்கயே காவல் உட்காரு. தொடாதே. தேடாதே. உட்காரு, அது போதும்."

ஹாலிஸ் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். புதருக்கு முன்னால், வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெயில் ஏறியது. ஆர்டித் வேலிக்கு மேலாக ஒரு சாண்ட்விச்சை நீட்டி, "தண்டனை எத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கண் சொருகும் நேரத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அசையாதே," என்று வெர்லீன் கிசுகிசுத்தாள். "உன் தலைக்கு மேல இருக்கு."

"எங்க?"

"திரும்பாதேங்கறேன்! உன் காதுக்கு ஒரு முழம் மேல, கிளையில. தானா ஏறி வந்திருக்கு. வாலே இல்ல, மார்பெல்லாம் புள்ளி புள்ளியா... ஐயோ, தகப்பன் வந்துட்டான். ஊட்டறான். உன் மண்டைக்கு மேலயே ஊட்டறான்!"

ஹாலிஸ் கல்லாகச் சமைந்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது, மூக்கு அரித்தது. பின்னால் சின்னதாக ஒரு சிறகடிப்பு கேட்டது. அவருடைய கண்ணுக்கு எதிரே தெரிந்ததெல்லாம் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல்தான். மேலே, இன்னும் மேலே என்று கழுத்தை நீட்டி, ஒரு கையில் போனும் ஒரு கை ஜன்னல் கட்டையிலுமாக வெர்லீன் நின்றுகொண்டிருந்தாள்.

"பறந்துடுச்சு! பார்த்தியா ஹாலிஸ், பறந்துடுச்சு! பார்த்தியா?"

"பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்," என்றார் ஹாலிஸ். நிற்கிறாய் என்று சொன்னால் பயந்து உட்கார்ந்துவிடுவாள். அவர் சொல்லவில்லை.