பதினெட்டாவது மனு

அவளுக்கு இஸ்திரி என்று பெயர் வைத்தவள் நெட்டை. சிறைக்குள் வந்த முதல் வாரமே அவளைச் சலவைக்கூடத்தில், இஸ்திரி மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்தப் பெயர். அந்தப் பெண்கள் சிறையில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். நெட்டை ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தவள். மேற்பார்வையாளன் கையைப் பிடித்து இழுத்தபோது, கையில் இருந்த கரண்டியாலேயே அவன் மண்டையைப் பிளந்துவிட்டு உள்ளே வந்திருந்தாள்.

"நான் அடிச்சேன், உள்ள இருக்கேன். நியாயம்தான். நீ என்னடி பண்ணுன?" என்று முதல் நாளே கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டேன்" என்றாள் இஸ்திரி.

அது உண்மைதான். ஆறு வயது மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவள் அவள். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. மாத்திரை மட்டும் கிழவியின் மகன் கொடுப்பான். ஒரு வருஷம் எந்தக் குறையும் இல்லாமல் போனது. பிறகு ஒரு நாள் காலையில் கிழவி எழுந்திருக்கவில்லை. மாத்திரை அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். மகன் விரலை நீட்டி இவளைக் காட்டினான்.

அப்போது அந்த ஊர் பாஷையில் அவளுக்குத் தெரிந்தது பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். தண்ணீர், வலி, திரும்பிப் படுங்க, போதுமா. இதை வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் என்ன பேச முடியும்? நான்கு பக்கத் தாளை முன்னால் வைத்த போலீஸ்காரர், காற்றில் கையெழுத்துப் போடுவதுபோலக் காட்டி, பிறகு தன் உள்ளங்கையை விமானம்போல மேலே பறக்கவிட்டார். ஊருக்குப் போகலாம் என்கிறார் என்று அவள் புரிந்துகொண்டாள். நான்கு பக்கத்திலும் தமிழில், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, கோணாமல் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருஷம் கிடைத்தது.

முதல் ஆறு மாதம் அழுதாள். அதற்கப்புறம் அழுகை அலுத்துப்போய், இஸ்திரி போடும் சட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். காவலர்களின் சட்டைப் பையின்மேல் ஒரு துணிப்பட்டை. அதில் அவரவர் பெயர். காலையில் ஆள் எண்ணும்போது ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு வைத்துக்கொண்டு, மத்தியானம் சட்டை வரும்போது எழுத்தோடு ஒலியைப் பொருத்திப் பார்ப்பாள். நாற்பது சட்டையில் எழுத்து முழுவதும் பிடிபட்டுவிட்டது. அடுத்து, சாப்பாட்டுக்கூடச் சுவரில் தொங்கிய முப்பத்திரண்டு விதிகள். சிறையில் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதைத்தான் அவள் அந்தப் பாஷையில் முதன்முதலாக முழு வாக்கியமாகப் படித்தாள்.

"எதுக்குடி இந்தப் பாடு? இவங்க பாஷையிலேயே இவங்களைத் திட்டறதுக்கா?" என்று நெட்டை கேட்பாள்.

"நான் எதுல கையெழுத்துப் போட்டேன்னு எனக்குத் தெரியணும்."

கண்ணாடி அதிகாரி என்று இவர்கள் கூப்பிட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். சட்டைகளை வைத்துக்கொண்டு இஸ்திரி வாய்க்குள் முணுமுணுப்பதைக் கவனித்து, அட்டை கிழிந்த ஓர் அகராதியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் எழுதிக் காட்டுவதைச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். இரண்டாவது வருஷக் கடைசியில், கேட்டுக் கேட்டு, அவள் கையெழுத்துப் போட்ட அந்த நான்கு பக்கத்தின் நகலையும் வாங்கித் தந்தார். அதை இஸ்திரி மூன்று நாள் உட்கார்ந்து படித்தாள். 'கிழவியின் முனகலைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போனேன், அவள் தூங்கினால் போதும் என்று ஆகிவிட்டது' என்று அதில் அவள் சொல்லியிருந்தாள். அவள் பேசாத பேச்சை அவளைவிட நன்றாகப் பேசியிருந்தார்கள்.

அவள் எழுதிய முதல் மனு அவளுக்காக இல்லை. பக்கத்து அறையில் ஒருத்தி சிறையிலேயே பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயது ஆனதும் எடுத்துப்போய்க் குழந்தைகள் விடுதியில் சேர்த்துவிடுவார்கள். விடுதலை கேட்டு வக்கீல் எழுதிய மனு திரும்பி வந்திருந்தது. அவள் அழுதுகொண்டே இஸ்திரியிடம் வந்தாள்.

இஸ்திரி சட்டம் எதுவும் பேசவில்லை. பிள்ளையோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். நெட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பொம்மைப் பெட்டியை அந்தப் பிள்ளை கையால் தள்ளியது, தலையால் முட்டியது. அதன் சின்னக் கைப்பிடியைப் பிடித்துத் திறக்க மட்டும் தோன்றவில்லை. மனுவில் இஸ்திரி அதைத்தான் எழுதினாள்: 'இந்தக் குழந்தைக்குக் கதவில் கைப்பிடி இருக்கும் என்பதே தெரியாது. அது பார்த்த கதவு எதற்கும் உட்புறம் கைப்பிடி இல்லை. அதைத் திறக்கக் கற்றுக்கொடுக்கத் தாயை அனுப்புங்கள்.'

ஏழு வாரத்தில் தாயும் பிள்ளையும் வெளியே போனார்கள்.

அதிலிருந்து அவளுக்கு ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடம் மூடியிருக்கும் நேரத்தில் இஸ்திரி மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். வருகிறவர்களிடம் அவள் குற்றத்தைப் பற்றிக் கேட்கமாட்டாள். "உன்னைப் பத்தி யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லு, சின்னதா இருந்தாப் போதும்" என்பாள். கடை கடையாகச் செருப்புத் திருடிய ஒரு கிழவிக்கு எழுதிய மனுவைப் பற்றி நெட்டை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கடைகளில் பார்வைக்கு ஒற்றைச் செருப்புத்தான் வைத்திருப்பார்கள். கிழவி திருடிய பதினான்கும் இடது கால்! 'யாருக்கும் உதவாத திருட்டைச் செய்தவளைப் பயங்கரமான திருடி என்று சொல்ல முடியுமா?' என்று கேட்டிருந்தாள் இஸ்திரி. முடியாது என்று பதில் வந்தது.

நெட்டைக்கும் எழுதினாள், ஆனால் அனுப்ப நெட்டை சம்மதிக்கவில்லை. "வருத்தப்படறேன்னு எழுதியிருக்கியேடி! நான் வருத்தமே படல. இன்னொரு தடவை கையைப் பிடிச்சான்னா இன்னொரு தடவை விழும்."

கண்ணாடி அதிகாரியும் ஒரு நாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் புருஷன் இருக்கிற ஊருக்கு மாற்றல் கேட்டு நாலு வருஷமா எழுதிட்டிருக்கேன். மேல யாரும் படிச்சுப் பார்க்கிறதாவே தெரியல. நீ ஒண்ணு எழுதிக் குடேன்."

இஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. இவரும் விடுதலை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதினாள். ஒரு மாதத்தில் மாற்றல் வந்துவிட்டது. போகிற அன்று அவர் அவள் தோளைத் தொட்டு, "அடுத்தது உன்னோடதை எழுது" என்றார். அது பதினேழாவது மனு.

பதினெட்டாவதை எழுத அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. மற்றவர்களிடம் கேட்ட கேள்வியைத் தன்னிடம் கேட்டுப் பார்த்தால் பதில் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் வீட்டுக்குப் போன் பேசலாம். கணவனிடம் கேட்டாள்.

"என்னங்க, பாப்பா எப்படி இருக்கா? என்னைப் பத்தி ஏதாவது சொல்றாளா?"

அவர் ஒரு பஸ் பட்டறையில் மெக்கானிக். அளந்து பேசுகிற மனிதர். "நல்லாப் படிக்கிறா" என்றார் முதலில். பிறகு, "தினமும் சாப்பிட உக்காரும்போது உனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைக்கிறா" என்றார்.

அவளுக்கு அது போதும். அந்தத் தட்டைச் சுற்றித்தான் மனு முழுவதையும் கட்டினாள். வழக்கைப் பற்றி ஒரே ஒரு பத்தி: பாஷை தெரியாத நிலையில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள், அதில் இருப்பது என் வாக்குமூலம் இல்லை, வழக்கைத் திரும்ப விசாரிக்க வேண்டும். மீதியெல்லாம் தட்டு. படித்துக்காட்டியபோது, எதற்கும் கலங்காத நெட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுக்கு மசியலைன்னா அவங்க மனுஷங்களே இல்லடி" என்றாள்.

மனுவை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவர் தாளை மரியாதையாகப் பிடித்திருந்தார்.

"நாங்க மூணு பேருமே இதைப் படிச்சு ரொம்ப உருகிட்டோம். எங்க பாஷையில இவ்வளவு நல்லா எழுதறவங்க எங்க ஆபீஸ்லயே இல்ல. யார் எழுதிக் கொடுத்தது?"

ஆறு வருஷத்தில் அவளை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. "நானேதான் எழுதினேன் ஐயா" என்றாள். குரலில் பெருமை இருந்தது. அதைப் பிற்பாடு நினைத்து நினைத்துத் தன்னையே கடிந்துகொண்டாள்.

அவர் இன்னொரு கோப்பைத் திறந்தார். "ஆனா, எங்க பாஷை தெரியாமக் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றீங்களே?"

"இங்க வந்து கத்துக்கிட்டேன் ஐயா. அப்போ தெரியாது."

"எங்க கத்துக்கிட்டீங்க? பெண்கள் பிரிவுல வகுப்பு எதுவும் கிடையாதே."

"சட்டை இஸ்திரி போடும்போது..." என்று ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல, கேட்கிறவர்கள் முகத்தில் அது எப்படி விழுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஓரத்தில் இருந்தவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஒரு அதிகாரி அம்மா திருத்திக் கொடுத்தாங்க. அவங்களைக் கேளுங்க."

"அவங்க இப்போ எங்க?"

"மாற்றலாகிப் போயிட்டாங்க."

அந்த மாற்றலை வாங்கிக்கொடுத்தது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. கண்ணாடி அதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்பி விசாரித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. கைதிக்குச் சொந்தப் புத்தகம் கொடுப்பது முப்பத்திரண்டு விதிகளில் ஒன்றை மீறுவது. அப்படி எதுவும் நினைவில்லை என்று அவர் பதில் எழுதிவிட்டார். முடிவு ஒரே வரியில் வந்தது: மனுதாரரின் மொழித் தேர்ச்சியே அவரது வாதத்துக்கு எதிரான சாட்சியாக உள்ளது.

அதைப் பார்த்த அன்றைக்கு இஸ்திரி அகராதியைச் சலவைக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். வரிசையில் வந்து நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நெட்டை ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு வந்து மேசையைக் கையால் அறைந்தாள்.

"உன்னை ஏமாத்தினவன் வெளிய சௌக்கியமா இருக்கான். அவன்மேல இருக்கிற கோபத்தை இந்தப் பொம்பளைங்க மேல காட்டுறியே, இது அடுக்குமா?"

"நல்லா எழுதினதுதான் நெட்டை தப்பாப் போச்சு. தத்துபித்துன்னு எழுதியிருந்தா விட்டிருப்பாங்க."

"அப்போ இவங்களுக்கு நல்லா எழுது. இவங்கல்லாம் பாஷை தெரிஞ்சவங்கதானே!"

இஸ்திரிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஆனாலும் மறு ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மீதிக் காலத்தில் இன்னும் முப்பது மனுக்களாவது எழுதியிருப்பாள். முன்னைப்போல மனம் துள்ளவில்லை, கை மட்டும் எழுதியது. ஆனால் பழுதில்லாமல் எழுதியது. சிலர் போனார்கள். நெட்டையும் தண்டனை முடிந்து, மன்னிப்புக் கேட்காமலே போய்ச்சேர்ந்தாள். ஒன்பது வருஷமும் முழுசாக முடிந்த பிறகு இஸ்திரியை விட்டார்கள். அந்தப் போலீஸ்காரர் கையால் காட்டிய விமானத்தில் ஒரு வழியாக ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் நின்ற பெண் அவளைவிட உயரமாக இருந்தாள். "வாங்க" என்றாள். பையை வாங்கிக்கொண்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு எதையெல்லாம் செய்வார்களோ அதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, பையை ஒழிக்கும்போது அந்த மனுவின் நகல் மகள் கையில் அகப்பட்டது. "இது நீங்க எழுதினதாம்மா? எழுத்தெல்லாம் அழகா இருக்கு. என்ன எழுதியிருக்கீங்க?"

இஸ்திரி வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். தட்டு வந்த இடத்தில் மகள் நிமிர்ந்தாள்.

"நான் தட்டு வச்சேனா? யார் சொன்னா?"

கணவர் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "நீ மனசு விட்டுடக் கூடாதேன்னு சொன்னேன்." பட்டறைக்குப் போய்விட்டார்.

மகள்தான் முதலில் பேசினாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. ஸ்கூல்ல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க, உங்கம்மா எங்க, எப்போ வருவாங்கன்னு. ஜெயில்னு சொல்ல முடியல. ஆறாங்கிளாஸ்ல, எங்கம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கல. இப்பவும் அங்க எல்லாரும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்காங்க."

இதை எழுதியிருந்தால் விட்டிருப்பார்கள் என்றுதான் இஸ்திரிக்கு முதலில் தோன்றியது. அதற்கான வாக்கியம்கூட அந்தப் பாஷையில் தானாகவே மனசுக்குள் அமைந்து வந்தது. கேட்டவன் எவனாயிருந்தாலும் கரைந்துபோகிற மாதிரி, ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லாத வாக்கியம். அது வந்ததற்காக வெட்கப்பட்டு, தாளை நான்காக மடித்தாள்.

"எந்த ஊர்ல, எப்படிச் செத்தேன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சொல்லல. ஒருத்தி மட்டும் கேட்டா. காய்ச்சல்னேன்."

"சரி" என்றாள் இஸ்திரி. "நாளைக்கு ஸ்கூல் வரைக்கும் கூட வரட்டுமா? உள்ள வரல. கேட்டுக்கு வெளியவே நிக்கிறேன்."

மகள் யோசித்தாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வாங்க" என்றாள்.