இன்னும் நாலு முட்டை

அம்மாவின் விரல்களுக்கு நடுவே ஊசி இறுகிக் கிடந்தது. மகள் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பார்த்தாள். ஆஸ்பத்திரி லேபில் பதினைந்து வருடமாக ஊரார் கையையெல்லாம் நீட்டவைத்து ரத்தம் எடுத்தவளுக்கு இந்த ஒரு கை வசப்படவில்லை.

"விடுக்கா, நான் எடுக்கறேன்" என்று தம்பி குனிந்தான். எலெக்ட்ரீஷியன், மெல்லிய ஒயரோடு பழகிய விரல்கள். ஊசி வந்தது. கூடவே நூலும், நூலில் தொங்கியபடி பாதி தைத்த ஒரு துணி முட்டையும்.

மாரடைப்பு, உயிர் போனது மதியம் இரண்டு மணி வாக்கில் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று.

தையல் கடையில் முப்பது வருடம் திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைத்தவள் அம்மா. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மிச்சத் துண்டுகளில் முட்டை தைத்து சர்ச்சுக்குக் கொடுப்பாள். இரண்டு துண்டு வெட்டி, ஓரம் தைத்து, புரட்டி, பஞ்சு அடைத்து, உச்சியில் ஒரு ரிப்பன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரும் ஆளுக்கொன்றாக சர்ச் மரத்தில் கட்டுவார்கள். விடிந்தால் ஈஸ்டர்.

"கடைசி நிமிஷம் வரைக்கும் கை சும்மா இருந்ததா பாரு. எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்!" என்றான் தம்பி. முட்டையைத் திருப்பிப் பார்த்தான். "ஆனா ஓரமெல்லாம் ஏன் இப்படிக் கிழிஞ்சிருக்கு? எலி கடிச்ச மாதிரி?"

அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய வெள்ளைக் கோட்டைக் காணவில்லை. தேடினால் அம்மாவின் மடியில் கிடந்தது, முதுகுப் பக்கம் முட்டை வடிவில் இரண்டு ஓட்டையோடு. ஆறு மாதமாகவே அம்மாவுக்கு மறதி. தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"இதுவா மிச்சத் துணி? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? நான் எதைப் போட்டுட்டுப் போவேன்?"

"பழசுன்னு நெனச்சிட்டேன்டி."

"எல்லாம் உனக்குப் பழசுதான். இனிமே கத்திரிக்கோலைத் தொட்டுப் பாரு!"

பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி கைப்பைக்குள். செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து கேட்டது: "மத்தியானம் சாப்பிட வருவியா?" பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அம்மாவைக் குளிப்பாட்டி, நல்ல சேலை உடுத்திக் கட்டிலில் கிடத்தியபிறகு ஞாயிறு பள்ளி டீச்சர் வந்தார். வெகுநேரம் கையைப் பிடித்தபடி அழுதார். போகும்போதுதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதம்மா. முட்டையெல்லாம் முடிச்சிட்டாங்களா?"

தம்பி கூடையைக் கவிழ்த்து எண்ணினான். இருபத்தாறு.

"நாலு குழந்தைக்கு இல்லாமப் போயிடுமேன்னுதான். துணியைக் குடு, நான் வீட்ல வெச்சுத் தைச்சுக்கறேன்."

"வேணாம் டீச்சர்" என்றான் தம்பி. "நாங்களே தைச்சுத் தர்றோம். காலைல வாங்கிக்குங்க."

டீச்சர் போனதும் மேஜை இழுப்பறை, துணிப்பை, தலையணைக்கு அடியில் எல்லாம் கையை விட்டுத் துழாவினான்.

"அம்மா கத்திரிக்கோல் எங்கக்கா? அது இல்லாம ஒரு நாள் இருக்க மாட்டாங்களே."

அவள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். பீரோ எப்போதும் போல் கிறீச்சிட்டது. அவள் சேலைகளுக்கு மேலே கத்திரிக்கோல் கிடந்தது.

"இங்க எப்படி வந்துச்சு?"

"நான்தான் வெச்சேன்." குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "காலைல. கண்ணு அவிஞ்சு போச்சான்னு திட்டிட்டு, பிடுங்கிப் பூட்டிட்டுப் போனேன்."

தம்பி அவளைப் பார்த்தான். அந்தப் பாதி முட்டையை எடுத்து, கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தான். பல்லால் கடித்து இழுத்த நூல்கள் பிசிறு பிசிறாக நின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து போடும் சத்தம் வாசலில் கேட்டது. எழுந்துபோய் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தான்.

அவள் இன்னும் பீரோ அருகிலேயே நின்றிருந்தாள்.

தம்பி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் துணிப்பையிலிருந்து பூப்போட்ட திரைத்துணி ஒன்றை உருவினான். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல எது நல்ல பக்கம்?"

அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த துணியைத் திருப்பி வைத்தாள்.