குடம்தான் ஆளு

என் வீட்டுக்காரர் உலகநாதனுக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. எண்பத்தேழில் பழைய புத்தகக் கடையிலிருந்து, பாய்மரப் படகு ஓட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கிவந்தார். அன்றோடு என் நிம்மதி போச்சு. நாலு எண்ணெய் டிரம், ரெண்டு பலகை, ஒரு லாரி தார்ப்பாய். அம்பத்தூர் ஏரியில் படகு ரெடி.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனால், படகில் என் எவர்சில்வர் குடம் உட்கார்ந்திருக்கிறது! எங்கம்மா சீராகக் கொடுத்தது. 'சுசீலா' என்று என் பேர் வெட்டியது. மறுநாள் அம்மா வருகிறாள். வந்ததும் அவள் கண் முதலில் குடத்தைத்தான் தேடும்.

"ஆளு தண்ணில உயுந்தா எப்டி தூக்கறதுன்னு பயிற்சிடி. குடம்தான் ஆளு," என்றார். அதன் வாயில் தட்டை வைத்து டியூப் ரப்பரால் கட்டியிருந்தார்.

திட்டிக்கொண்டே நானும் ஏறினேன். குடத்தை நம்பி அவரிடம் விட முடியுமா?

நடு ஏரியில் அதை எறிந்துவிட்டு, "சுசீலா உயுந்துட்டா!" என்று கத்தினார். கரையில் துணி துவைத்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். மானம் போச்சு.

படகில் கூட வந்த அவருடைய கூட்டாளி அருள்தாஸுக்கு ஒரே வேலைதான். விழுந்த ஆளை விரலால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

"காத்துக்கு எதிரா மூக்கத் திருப்பணும், பாய்க் கயித்த உடணும், படகு தானா நிக்கும்," என்று சொல்லிச் சொல்லி மூன்று தடவை சுற்றினார். மூன்று தடவையும் படகு குடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. குடம் தண்ணீர் குடித்து அமுங்க ஆரம்பித்தது.

நாலாவது தடவை எட்டிப் பிடிக்கப் போனவர், தொபுக்கடீர்!

"அண்ணி, இப்போ யாரக் காட்டறது?" என்று அருள்தாஸ் பதறினான்.

"குடத்தக் காட்டுடா!"

சுக்கானை நான் பிடித்தேன். அவர் வாயால் சொன்னதைக் கையால் செய்தேன், அவ்வளவுதான். படகு சாதுவாகக் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. கழுத்தைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்பாடா!

"அடியே, நான் இங்க கீறேன்!" என்றார் மார்பளவு தண்ணீரிலிருந்து.

"நீ நிக்கறியேய்யா, குடம் நிக்குமா?"

அருள்தாஸின் விரல் இன்னும் என் மடியில் இருந்த குடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். விழுந்த ஆளை யாராவது காட்டியாக வேண்டுமே என்று, அவரே தன் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.