முழுதாய்க் கேட்காத அதிகாரம்

1

இந்தக் கதை என் தொண்டையிலிருந்து வந்தது. போன வருஷம் ஊர் ஊராய் வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் என்னை விட்டுவிட்டது. குரலை மட்டும் எடுத்துக்கொண்டது. எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயைக் கூப்பிட்டேன். அவள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாத்தா, நீயா வாத்தியாரம்மா? யாரோ கெழவி கூப்பிடுதான்னுல்லா நெனச்சேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழவியின் குரலைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். நான் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர் சொல்லித் தெரியும்.

அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம் பங்குனி மாதம் என் புருஷன் மலைக்காய்ச்சலோடு

அதற்கு மேல் கை ஓடவில்லை. 'என்' என்ற சொல்தான் தடுக்கிறது. ஆகவே 'நான்' என்பவளைக் கொஞ்சம் வெளியே உட்காரவைத்துவிட்டு, அன்றைக்கு இருந்தவளைச் சாலோமி என்று அழைக்கப்போகிறேன். அது என் பெயர்தான். அவர் பெயர் மாசிலாமணி. (இந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எழுதினால் சொன்னதாக ஆகுமோ, தெரியவில்லை.)

2

'மாசிலாமணி நல்ல மனுஷன்' என்று எழுதி அடித்துவிட்டேன். செத்தபின் எல்லாரும் நல்ல மனுஷர்தான்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆற்றங்கரையில் வாழை வைத்திருந்தார். வெள்ளம் வாழையைக் கொண்டுபோன வருஷம், திருவிதாங்கூர் மலைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது வயிற்றில் கட்டி, கண்ணில் மஞ்சள், நாள் விட்டு நாள் குளிர்க்காய்ச்சல். கூடத்தில் பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தவர், பிறகு எழவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். சாகக்கிடப்பவர் பக்கத்தில் சபை உபதேசியார் ஞானசிகாமணி வந்து உட்கார்ந்து வேதபுஸ்தகத்தில் யோவான் பதினாலாம் அதிகாரத்தை வாசிப்பார். கலங்கவேண்டாம், பிதாவின் வீட்டில் நிறைய இடம் இருக்கிறது என்று கர்த்தர் சொல்லும் அதிகாரம் அது. ஆறுதலுக்கென்றே உள்ளது. ஆனால் சாவு வீட்டிலேயே அதைக் கேட்டுக் கேட்டு, அது வந்தால் பின்னாலேயே சாவும் வரும் என்று எங்கள் ஜனம் எண்ணிவிட்டது. 'இன்னாருக்குப் பதினாலு வாசிச்சாச்சு' என்றால் பெட்டிக்கு ஆசாரியிடம் சொல்லியாயிற்று என்று அர்த்தம். உபதேசியாரின் குடை தெருமுனையில் தெரிந்தால் நோயாளி உள்ள வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

"எங்க அப்பனுக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவல, வேற வீடு பாரும் வே" என்று ஜன்னல் வழியே அவரை விரட்டிய குரலை நானே கேட்டிருக்கிறேன்.

சாலோமி மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தினி. இது அஞ்ஞானம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். தன் வீட்டுக்குள் நோய் வந்ததும் அவளும் கதவைச் சாத்தினாள்.

3

மத்தியானம். தெருவில் காக்கைகூட இல்லாத வெயில்.

"ஏட்டி, அந்தப் பதினால வாசி."

"இன்னைக்கு யாத்திராகமம் வாசிக்கேன்."

"நேத்தும் அதத்தானட்டி வாசிச்ச."

அதில் ஆராதனைக்கான ஆசரிப்புக் கூடாரத்தை எப்படிச் செய்யவேண்டும் என்கிற அதிகாரங்கள். திரை, கொக்கி, வளையம், பலகை. ஆறுதல் துளியும் இல்லாத இடமாகத் தேடி எடுத்திருந்தாள். ஆறுதல் கிடைக்காதவரை ஆள் போகமாட்டார் என்பது அவள் கணக்கு.*

ஒவ்வொரு திரையும் இருபத்தெட்டு முழ நீளம் என்று அவள் வாசித்தபோது அவர் சிரித்துவிட்டார்.

"சாவப்போறவனுக்கு எதுக்குட்டி ஜவுளிக் கணக்கு? மேலப்பாளையத்துத் தறிக்காரங்ககிட்டப் போயி வாசி. அவனுவளுக்காச்சும் பிரயோஜனப்படும்."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"நீங்க ஒண்ணும் சாவப்போறதில்ல."

"செரி, சாவாதவனுக்கே வாசி. எத்தன சாவு வீட்டுல அதக் கேட்டிருக்கேன் தெரியுமா? ஒரு நாளாச்சும் கடைசி வரைக்கும் கேட்டதில்ல. பாதி போகுமுன்ன பொம்பளையெல்லாம் ஓன்னு தொடங்கிருதாளுவ. கடைசியில என்னதான் சொல்லுதாருன்னு ஒரு தடவ முழுசாக் கேக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பயமா இருக்குட்டி."

கருநாகத்தைக் கையால் தூக்கி ஆற்றில் எறிந்த மனுஷன். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அப்போதுதான்.

(கைதேர்ந்த ஆசிரியர் யாரானாலும் சாலோமியை இந்த இடத்தில் வாசிக்கவைத்திருப்பார். நானும் முயன்றேன். 'சாலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோவானைப் புரட்டி'. இல்லை. அவள் புரட்டவில்லை. அடுத்த திரையைத்தான் வாசித்தாள்.)

* அந்த அளவுகளை இன்றும் புஸ்தகம் பாராமல் சொல்வேன். வேறு எதற்கும் உதவியதில்லை.

4

அடுத்து வந்த ஒரு மத்தியானம், வாசிப்பின் நடுவே அவர் கையை உயர்த்தினார்.

"பைய வாசிட்டி. அவ வாசிக்கது கேக்கல."

"எவ?"

பின்வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். அவள் போய்ப் பார்த்தாள். கிணறு, முருங்கை மரம், வெயில். வாளியின் கயிறுகூட அசையவில்லை.

"யாருமில்லங்க."

"ஒரு பொம்பள வாசிக்கா. பதினாலுதான் வாசிக்கா."

காய்ச்சல் ஏறுகிறது என்று நெற்றியில் ஈரத்துணி போட்டாள். தொட்டால் நெற்றி குளிர்ந்திருந்தது.

"யாரு கொரலு மாதிரி இருக்கு?"

அவர் கவனித்துக் கேட்டார். "உன் கொரலுதான்ட்டி. ஆனா கெழவியாயிட்ட. தொண்ட கரகரன்னு இருக்கு."

சாலோமி புஸ்தகத்தை எடுத்து முன்னைவிட உரக்க வாசித்தாள். பலகை, பாதம், தாழ்ப்பாள். அந்தக் குரலை மூழ்கடித்துவிட வேண்டும் என்று வாசித்தாள். அவரோ பின்வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

கஞ்சியோடு வந்த பேச்சித்தாய் நடையிலேயே நின்றாள்.

"யாரு வந்திருக்கா? ரெண்டு பேரு வாசிக்க மாதிரில்லா கேட்டுச்சு."

சாலோமி வாசிப்பை நிறுத்தவில்லை.

"முடியப்போவுது" என்றார் அவர். பிறகு, பெரிய பாரத்தை இறக்கியவர் போல மூச்சு விட்டார். "கடைசியில என்ன சொல்லுதாரு தெரியுமா? எந்திரிங்க, இங்கன இருந்து போவோம்ங்காரு. அவ்வளவுதான்ட்டி. இதுக்கா பயந்து கெடந்தேன்!"

எழுந்திருக்கப் போகிறவர் போல ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அந்தக் கை அப்படியே இருந்தது. அவள் ஒரு பலகையின் அகலத்தைப் பாதி வாசித்திருந்தாள்.

அடக்கம் முடிந்து வந்தபின், அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாள். அவர் சொன்னபடியேதான் முடிந்திருந்தது. புஸ்தகத்தை மூடினாள். அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. கோவிலில் யாராவது அதை வாசிக்க எழுந்தால் இவள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

5

முடிவுகள்.

ஒன்று: காய்ச்சல்காரர் காதில் எதுவும் கேட்கும். என்றோ எங்கோ விழுந்த வரி நினைவுக்கு வந்திருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது பிடிக்கும். பேச்சித்தாய்க்குக் காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லக்கூடாது.

இரண்டு: தேவதூதன் வந்து வாசித்தான். உபதேசியார் கண் கலங்குவார். ஆனால் தேவதூதனுக்குத் தொண்டை கட்டுமா?

மூன்றாவது, பேச்சித்தாய் வேலிக்கு மேலாக எட்டிச் சிரித்த அன்று எனக்குத் தோன்றியது. அந்தக் கிழவி இனிமேல்தான் வாசிக்கவேண்டும். அவள் வாசிக்காவிட்டால், அன்று அவர் கேட்டது எதை? யாருமே வாசிக்காமல், பயத்தோடேயே அவர் போனதாக ஆகிவிடாதா? ஆனால் அவள் வாசித்து முடித்தால் அவர்

6

இன்று மத்தியானம் கிணற்றடியில், பின்வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து உரக்க வாசிக்கத் தொடங்கினேன். குரல் கரகரத்தது.

சில வசனங்கள் போயிருக்கும். வீட்டுக்குள்ளே ஒருத்தி வாசிப்பது கேட்டது. சின்ன வயசுக் குரல். திரை, கொக்கி, வளையம் என்று அவசர அவசரமாக. பிறகு ஓர் ஆணின் இருமல்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கூடம் வெறுமையாக இருக்கும் என்பதற்காக அல்ல. வெறுமையாக இராது என்பதற்காக.

நான் வாசிக்க வாசிக்க அவள் குரலை உயர்த்திக்கொண்டே போனாள். ஏனென்று எனக்குத் தெரியாதா? நானும் விடவில்லை. கடைசி வசனத்துக்கு வந்து, அதிலும் பாதி வாசித்து, அந்தக் கடைசிச் சொற்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். உள்ளே பலகைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் அவர் மூச்சு. பதினாறு வருஷத்துக்குப் பின் அவர் மூச்சு.

இப்படியே இருந்துவிடலாமே என்று நினைத்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அவர் கேட்டார்: "ஏன்ட்டி நிறுத்திட்ட?"

அந்தச் சின்னவள் நிறுத்தவில்லை. உரக்க வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவர் அப்படிக் கேட்டது அன்று என் காதில் விழாமல் போனது அதனால்தான். கேட்டது அவளை அல்ல, என்னை.

புஸ்தகத்தை மடியில் திறந்துவைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே இதை எழுதுகிறேன். அவர் காத்திருக்கிறார். இருமலைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார். மிச்சம் கொஞ்சம்தான், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எனக்கு வாய் எழவில்லை. அவர் உங்களுக்கு யாரோ ஒருவர். உங்களால் முடியும். உள்ளே அவருக்குக் கேட்கும்படி, உரக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நான் அழமாட்டேன்.